மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று? நஞ்சில்லாக் காய்கறிக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பூச்சிக்கொல்லிக்கு உழவர்கள் பேச்சில் ‘மருந்து’ என்றே பெயர். காய் வாங்கும் இடத்தில் நின்று, “இதுக்கு மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?” என்று ஒருவரிடம் கேட்க முடிந்து, அவரும் நேராகப் பதில் சொன்னால் நஞ்சு குறைந்த உணவுக்கான பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாத கடைகளில் வாங்க நேரும்போதுதான் முத்திரையும் சான்றிதழும் காய் கழுவப் புளித்தண்ணீரும் தேவைப்படுகின்றன. மாடியிலோ கொல்லையிலோ நாமே வளர்க்கும்போது அந்தக் கேள்விக்குரிய பதில் நம்மிடமே இருக்கும். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் வாடகை வீட்டிலோ அடுக்ககத்திலோ குடியிருந்து, இந்த வழியில் புதிதாக அடியெடுத்து வைப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: அடுக்களைப் பட்டியல்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ‘ஆர்கானிக்’ ஆக்கிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் மாத மளிகைச் செலவைப் பார்த்ததும் பழைய கடைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்துக்கு வீட்டில் வாங்கும் காய், கீரை, பழம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடைகளைக் குறியுங்கள்: தோல் சீவிச் சமைக்கிறோமா, பச்சையாகவே உண்கிறோமா, வயலில் அதை எத்தனை நாளுக்கு ஒரு முறை பறிக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் காத்திருப்புக் காலம் என ஒன்று உண்டு. தெளித்த பிறகு இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்யலாம் என்பது அதன் பொருள். நெல்லுக்கோ பூசணிக்கோ அதைக் கடைப்பிடிப்பது எளிது. வெண்டை காய்க்கத் தொடங்கிவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், இல்லையென்றால் முற்றிவிடும். பச்சை மிளகாயும் கத்தரியும் வாரத்துக்கு ஒன்றிரண்டு பறிப்புக்கு வரும். செடியில் பூவும் பிஞ்சும் காயும் ஒருசேர இருப்பதால், பிஞ்சைக் காப்பாற்ற இன்று தெளித்தால் நாளை மறுநாள் பறிக்கும் காயிலும் அது ஏறியிருக்கும். இது உழவரின் பேராசையால் மட்டும் நேர்வதன்று. பயிரின் இயல்பும் சந்தையின் அவசரமும் சேர்ந்து காத்திருப்புக் காலத்தை விழுங்கிவிடுகின்றன.

அடுத்தது இலையாகவே உண்ணும் பொருள்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, கீரை ஆகியவற்றில் எந்தப் பாகத்தின் மேல் தெளிக்கிறார்களோ அதையேதான் நாம் உண்கிறோம். முட்டைக்கோசிலும் காலிஃபிளவரிலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இலை மடிப்புக்குள் ஒளிந்துகொள்வதால் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். திராட்சைக்குப் பூச்சியைவிடப் பூசண நோய்களுக்காகவே தெளிப்பு மிகுதி. அதைத் தோலுரித்துத் தின்பவர் யாருமில்லை. ஏலக்காயும் காய்ந்த மிளகாயும் கூடுதலாகத் தெளிக்கப்படும் பயிர்கள்தாம் என்றாலும், வீட்டில் செலவாகும் அளவு சிறிது என்பதால் அவற்றைப் பட்டியலின் நடுவில் வைக்கலாம். சேனை, கருணைக்கிழங்கு, பூசணி, வாழைத்தண்டு, வாழைப்பூ, தேங்காய் போல மேல்தோலையோ மடல்களையோ நீக்கிவிட்டு உள்ளிருப்பதை மட்டும் சமைக்கும் பொருள்களுக்காக இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். “புழு இருந்தா மருந்து அடிக்காத காய்” என்று சொத்தைக் கத்தரிக்காயைத் தேடி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கத்தரியின் குருத்து மற்றும் காய்த்துளைப்பான் புழு, முட்டையிலிருந்து வெளிவந்ததும் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுகிறது. அதன் பிறகு மேலே எவ்வளவு தெளித்தாலும் அதன் மேல் படுவதில்லை. படாததனால்தான் மேலும் மேலும் தெளிக்கிறார்கள். எனவே புழு இருக்கும் கத்தரிக்காய், பலமுறை மருந்து அடிக்கப்பட்ட காயாகவும் இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: கேட்டு வாங்குதல்

விளைவித்தவரே விற்கும் இடத்தைத் தேடுங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது. அங்கே அடையாள அட்டை பெற்ற உழவர்கள் தங்கள் விளைச்சலைத் தாங்களே விற்கிறார்கள். காலையில் போனால் நல்ல காய் கிடைக்கும் என்பார்கள். நானோ, கூட்டம் குறைந்த பிறகு போகச் சொல்வேன். பேசுவதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கும்.

எடுத்த எடுப்பில், “ஆர்கானிக்கா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும். எந்த ஊர், எத்தனை ஏக்கர், நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா, அசுவினிப் பூச்சியின் தொல்லை இந்த வருடம் எப்படி என்று பயிரைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினால் மருந்தைப் பற்றிய செய்தி தானாக வரும். கோவைப் பக்கத்து உழவர் சந்தை ஒன்றில் ஒரு பெரியவர் என்னிடம், “வேப்பெண்ணெய்தானுங்க அடிச்சுட்டு இருந்தேன், அசுவினி தாங்கலைங்க. ஒருக்கா மருந்து அடிச்சேன், இன்னைக்குப் பன்னெண்டு நாளாச்சுங்க” என்றார். “நாங்க மருந்தே தொடறதில்ல” என்று மூச்சு விடாமல் சொன்ன அடுத்த கடைக்காரரைவிட இவரிடமே நான் தொடர்ந்து வாங்கினேன். நாள் கணக்கு வைத்திருக்கும் உழவர், காத்திருப்புக் காலத்தையும் அறிந்தவராகவே இருப்பார்.

பழக்கம் ஏற்பட்ட பிறகு, எந்த மருந்து என்றும் கேட்கலாம். பூச்சிக்கொல்லிப் புட்டியின் மேல் சாய்சதுரத்துக்குள் இருக்கும் முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது, அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. மோனோகுரோட்டோபாஸ் என்ற பெயர் வந்தால் அந்தக் காய் வேண்டாம். காய்கறிப் பயிர்களில் அதைப் பயன்படுத்த இந்திய அரசு 2005-லேயே தடை விதித்தது. ஆனாலும் பிற பயிர்களுக்காக அதே கடையில், அதே அலமாரியில் அது தொடர்ந்து விற்கப்பட்டு வந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா அருகே பள்ளி மதிய உணவு உண்டு 23 குழந்தைகள் இறந்தது, சமையல் எண்ணெயில் இந்த நஞ்சு கலந்திருந்ததால்தான்.

இன்னொன்றும் உண்டு: பருவமல்லாத காயைத் தவிர்ப்பது. சமவெளியில் கோடையில் விளைந்த காலிஃபிளவரும் மழைக்காலத் தக்காளியும் நோயோடு போராடித்தான் சந்தைக்கு வருகின்றன. அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கொட்டிக் கிடக்கும் காயையே வாங்கினால் செலவும் குறையும், தெளிப்பும் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

மூன்றாம் படி: முத்திரையைப் படித்தல்

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், வெல்லம் போன்றவற்றை விளைவித்தவரைப் பார்த்து வாங்குவது எல்லோராலும் ஆகாது. அங்கே பொட்டலத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ‘இயற்கை’, ‘நாட்டு’, ‘பாரம்பரிய’, ‘பண்ணையிலிருந்து நேராக’ என்னும் சொற்கள் சான்றுகள் அல்ல. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மரபு நெல் வகைகள் என்பது உண்மைதான். ஆனால் மரபு நெல்லை யூரியாவும் பூச்சிக்கொல்லியும் போட்டும் விளைவிக்கலாம். விதை வேறு, விளைவித்த முறை வேறு.

இந்தியாவில் இரண்டு சான்று முறைகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, 2001 முதல் செயல்படும் தேசிய அங்கக (ஆர்கானிக்) உற்பத்தித் திட்டம். இதில் அரசு ஏற்பளித்த ஒரு சான்றளிப்பு நிறுவனம் நிலத்தை நேரில் ஆய்வு செய்யும். தமிழ்நாட்டில் இந்தப் பணியை அரசுத் துறையாகவே செய்வது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை. இரசாயன முறையிலிருந்து மாறும் நிலம் ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டும் பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டும் மாறுதல் காலத்தில் இருந்த பிறகே முழுச் சான்று கிடைக்கும். இரண்டாவது, பங்கேற்பு உறுதியளிப்பு முறை எனப்படும் பி.ஜி.எஸ். இந்தியா. இதில் குறைந்தது 5 உழவர்கள் சேர்ந்த உள்ளூர்க் குழு, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதியளிக்கிறது. இதன் முத்திரையில் ‘கிரீன்’ என்றிருந்தால் நிலம் இன்னும் மாறுதல் காலத்தில் இருக்கிறது என்றும், ‘ஆர்கானிக்’ என்றிருந்தால் முழுமையாக மாறிவிட்டது என்றும் பொருள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முழு விலை கொடுப்பவர்கள் பலர்.

இவ்விரண்டில் ஒன்றைப் பெற்ற பொட்டலங்களின் மேல் இடம்பெறுவதற்காக இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) ‘ஜைவிக் பாரத்’ என்னும் பொது முத்திரையைக் கொண்டுவந்தது. இதற்கான 2017-ஆம் ஆண்டு விதிமுறைகள் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முத்திரையோடு நின்றுவிடாமல் சான்றளித்த நிறுவனத்தின் பெயர், சான்று எண், 14 இலக்க உணவு உரிம எண் ஆகியன அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மொத்தமாக வாங்கிச் சில்லறையாகப் பொட்டலமிட்டு விற்கும் கடையென்றால் உழவரின் சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லலாம்; எந்தெந்தப் பயிருக்கு, எவ்வளவு நிலத்துக்கு, எந்தத் தேதி வரை என்று அதில் எழுதியிருக்கும். நிலக்கடலைக்கு வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, அதன் நிழலில் பன்னிரண்டு வகைக் காய் விற்ற கடை ஒன்றை எனக்குத் தெரியும்.

ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், தம் விளைச்சலை உண்பவருக்கு நேரடியாக விற்கும் சிறு உழவர் இந்தச் சான்றைப் பெற வேண்டியதில்லை என்று அந்த விதிமுறைகளே விலக்கு அளிக்கின்றன. ஆகவே சந்தைப் பெரியவரிடம் சான்றிதழ் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டாம் படியில் சொன்ன கேள்விகளே.

சான்று எதற்கு உறுதி தருகிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது விளைவித்த முறைக்கான உறுதி. உங்கள் கையில் இருக்கும் பொட்டலத்தை ஆய்வகத்தில் சோதித்து எழுதிய முடிவு அன்று. அங்கக வேளாண்மையிலும் வேம்பு, நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் ஆகியவற்றோடு, கட்டுப்பாட்டுடன் தாமிரம், கந்தகம் போன்றவையும் அனுமதிக்கப்படுகின்றன. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வருவதும் உண்டு. ‘ஆர்கானிக்’ என்றால் சுத்த சுழியம் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். நஞ்சின் எச்சம் பெரிதும் குறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

சான்று பெற்ற அரிசியிலும் பருப்பிலும் வண்டு விழும், அதற்காகக் கடைக்காரரோடு சண்டை பிடிக்க வேண்டாம். மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, ஒரு பகல் வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போட்டு மூடி வையுங்கள். கிடங்குகளில் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாரேனும் வீட்டு அரிசிக்குப் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு உறங்குபவர்களைக் கொல்லக்கூடியது.

நான்காம் படி: கழுவுதல், அதன் எல்லையோடு

கேட்கவும் முடியாமல், முத்திரையும் இல்லாமல் வாங்கும் காய் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே மேற்பரப்பில் உள்ளதில் கணிசமான பகுதியைப் போக்கிவிடும். 2015-இல் தமிழகக் காய்கறிகளில் நஞ்செச்சம் மிகுந்திருப்பதாகக் கேரள அரசு கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்த காலத்தில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் மக்களுக்குச் சொன்ன வீட்டு முறைகளுள் ஒன்று புளிக்கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புளியைக் கரைத்து வடிகட்டி, கறிவேப்பிலை, கொத்தமல்லி போன்றவற்றைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இருமுறை அலச வேண்டும். கறிவேப்பிலையை அலசியதும் ஈரம் போக உலர்த்தித் துணிப்பையில் வைத்தால் ஒரு வாரம் கருகாது.

ஆப்பிள் போன்ற வழவழப்பான தோலுடைய பழங்களுக்குச் சமையல் சோடா உதவும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 10 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது, ஆப்பிள் தோலின் மேற்பரப்பில் சோதனைக்காகத் தடவியிருந்த இரண்டு நஞ்சுகளும் பெருமளவு நீங்கின. அதே ஆய்வில், தோலுக்குள் ஊடுருவியிருந்த பகுதியைச் சோடாவால் எடுக்க முடியவில்லை என்பதையும் கண்டார்கள். இதுதான் கழுவுதலின் எல்லை. இமிடாகுளோபிரிட், அசிபேட் போன்ற ஊடுருவும் வகைகள் செடியின் சாற்றோடு கலந்து காய்க்குள்ளேயே இருப்பவை; எந்தக் கரைசலாலும் அவற்றை வெளியே இழுக்க முடியாது. கடையில் விற்கும் விலையுயர்ந்த காய் கழுவும் திரவங்களுக்கும் இது பொருந்தும். முட்டைக்கோசின் மேலிலைகள் இரண்டு மூன்றை நீக்கிவிடுவதும், காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்துக் கழுவுவதும், வெண்டையை நறுக்கும் முன்பே கழுவுவதும் போதுமானவை.

ஐந்தாம் படி: வளர்த்தல்

உங்கள் அடுக்களைப் பட்டியலை மறுபடியும் எடுங்கள். மிகுதியாகத் தெளிக்கப்படுபவை என்று மேலே குறித்த கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, கீரை, பச்சை மிளகாய் ஆகியவையே தொட்டியில் வளர்ப்பதற்கும் மிக எளியவை. இந்தப் பொருத்தத்தைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. முதல் ஆண்டிலேயே தக்காளியும் காலிஃபிளவரும் போட்டு, இலைச்சுருட்டை நோயைப் பார்த்து மனமொடிந்து, பைகளை மாடி மூலையில் அடுக்கிவிடுகிறார்கள். இலைகளில் தொடங்குங்கள், ஓராண்டு கழித்து வெண்டை, கத்தரிக்குப் போகலாம்.

இடம்: காய்ச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 5, 6 மணி நேர வெயில் வேண்டும், கீரைக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் போதும், அதாவது கிழக்குப் பார்த்த பால்கனியே போதும். மாடியென்றால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்து, சுவரோரமாகவும் தூண்களுக்கு மேலாகவும் வரிசைப்படுத்துங்கள். ஈர மண்ணின் கனம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

கலவை: செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, காப்பி நிறத்தில் வடியும் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதை நீக்காவிட்டால் நாற்றின் நுனி கருகும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழுவும் நூற்புழுவும் குறையும். வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியும் கொஞ்சம் சேர்த்து, ஈரப்படுத்தி, ஒரு வாரம் நிழலில் வைத்திருந்த பிறகு விதைக்கலாம். சாணம் மட்கியிருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பச்சைச் சாணம் வேரைச் சுடுவதோடு, பச்சையாக உண்ணும் இலையில் கிருமியையும் ஏற்றும். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை, பை, விதை, உயிர் உரம் எல்லாம் அடங்கிய மாடித்தோட்டத் தளையை (‘கிட்’) மானிய விலையில் வழங்கும் திட்டங்களை நடத்தி வந்திருக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள்.

விதை: கடைப் பொட்டலத்தைப் பிரித்ததும் இளஞ்சிவப்போ நீலமோ பூசிய விதை உருண்டால் அது பூசணக்கொல்லி தடவிய விதை என்று அறிந்துகொள்ளுங்கள். கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் மளிகை டப்பாவே போதும். மல்லியைச் செருப்பால் மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். முழுதாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள் ஏராளம். வெந்தயத்தை இரவு ஊறவைத்து விதைத்தால் மூன்று வாரத்தில் கீரை. சிறுகீரை, அரைக்கீரை விதைகள் கடுகைவிடப் பொடியானவை. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டிலிருந்தே தடித்த தண்டுகளை எடுத்து நடலாம், ஆனால் முதல் தளிர்ப்பை வெட்டி எறிந்துவிட்டு இரண்டாம் தளிர்ப்பிலிருந்து பயன்படுத்துவதே என் வழக்கம். காய்ச் செடிகளை ஆடிப் பட்டத்திலோ தைப் பட்டத்திலோ போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொத்தமல்லி பூத்துக் கெடும். அந்தக் காலத்தில் 50 விழுக்காடு நிழல்வலைக்கடியில் கீரை மட்டும் போட்டுச் சமாளிக்கலாம்.

ஆறாம் படி: பூச்சியைப் பார்க்கப் பழகுதல்

நஞ்சில்லாமல் வளர்ப்பவருக்கு முதன்மையான கருவி கண்தான். நாள்தோறும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது இரண்டு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மிளகாய்க் குருத்தில் பச்சையாகவோ கருப்பாகவோ மொய்ப்பது அசுவினி. எறும்புகள் மேலும் கீழும் ஓடினால் அது இருக்கிறது என்று அடையாளம். அதே இலையில், சாம்பல் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை போல ஒன்று ஊர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு; நாளெல்லாம் அசுவினியைத் தின்பதே அதன் வேலை. நான் முதல் ஆண்டில் அவற்றைத்தான் தேடித் தேடிக் கொன்றேன், பிறகு அசுவினி பெருகிவிட்டது என்று புலம்பினேன். அசுவினிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போல வெள்ளையும் பழுப்புமாக ஒட்டிக்கொண்டிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலைக்கு மேல் இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடையை விடும். கன்று சிறிதென்றால் கையால் எடுத்துவிடுங்கள். மரமாகிவிட்டால் இரண்டு கிளையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. கத்தரியில் ஒரு குருத்து மட்டும் தலை சாய்ந்து வாடியிருந்தால், வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே துளைப்பான் புழு இருக்கும். கிள்ளிய குருத்தைத் தோட்டத்தில் போடாமல் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட வேண்டும். வயலில் பலமுறை தெளித்தும் அடங்காத பூச்சி, பத்துச் செடி உள்ள மாடியில் விரல் நகத்துக்கு அடங்கிவிடுகிறது. வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கி அகற்றுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ வந்து ஒட்டும்.

இயற்கை எதிரிகளை நம்பலாம் என்பதற்குக் கோவையே சாட்சி. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2008-இல் அங்கேதான் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவிய அதற்கு உழவர்கள் அடித்த மருந்தெல்லாம் அதன் மெழுகுப் பூச்சைத் தாண்டவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெருக்கி வயல்களில் விட்ட பிறகே அது அடங்கியது. மாடியில் மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்து, சோப்புக் கரைசல் தெளியுங்கள்.

கண்ணும் கையும் போதாதபோதுதான் வேம்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயை முதலில் சிறிது காதி சோப்புக் கரைசலோடு பால் போலாகும் வரை குழைத்து, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, தெளிப்பானின் கடைசித் துளிகளில் சேர்ந்துகொண்டு இலையைப் பொசுக்கும். மாலையில் மட்டும் தெளியுங்கள். வேம்பின் அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும், இலையும் தாங்காது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணிக்குக் கண்ணளவில் ஊற்றித் தெளித்து, மறுநாள் 8 மிளகாய்ச் செடிகளை அள்ளிக் குப்பையில் போட்டேன். வேப்பங்கொட்டை கிடைப்பவர்கள் 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 5 விழுக்காட்டுக் கரைசல் இதுவே. இலை மேல் வெண்பொடியாகப் படியும் சாம்பல் நோய்க்குப் புளித்த மோரைப் பத்து மடங்கு நீர் கலந்து தெளிப்பது பழைய கைமுறை.

புகையிலைக் கரைசலை ‘இயற்கை’ என்று சொல்லித் தருவார்கள். நிகோட்டின் மனிதருக்கும் கடும் நஞ்சு, உண்ணும் இலைக்கு அது வேண்டாம். அதைப் போலவே, எறும்பு ஏறாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு கிழிப்பவர்களும் உண்டு. அந்தச் சாக்பீஸே பூச்சிக்கொல்லிதான். எதைத் தப்புவதற்காக மாடி ஏறினோமோ அதையே கையில் எடுத்துக்கொண்டு போவதாகிவிடும்.

ஏழாம் படி: அடுத்த பட்டத்துக்கு

நாட்டு ரக வெண்டையும் கத்தரியும் நன்றாக வந்தால், நோயில்லாத ஒரு செடியில் நடுப்பறிப்புக் காய் இரண்டைப் பறிக்காமல் நூல் கட்டி விட்டுவையுங்கள். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போதும், கத்தரி மஞ்சளாகித் தளர்ந்தபோதும் எடுக்க வேண்டும். கத்தரி விதையைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்குவதை மட்டும் நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் காகித உறையில் போட்டு, மேலே பயிரின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதிவிடுங்கள். வீரிய ஒட்டு ரகமென்றால் இந்த வேலை வேண்டாம், தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. ஒரு கத்தரிக்காயில் கிடைக்கும் விதை உங்கள் மாடிக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இருக்கும். மிச்சத்தைச் சந்தைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த முறை மருந்து நாள் கணக்கை நீங்கள் கேட்கும் முன்பே அவர் சொல்வார்.